சான்றிதழ் தரும் மருத்துவக் குழுவினருக்கு, ஒரு தையல்காரர் வீட்டிலிருந்து

மாற்றுத்திறனாளிகளுக்குச் சான்றிதழ் தரும் மருத்துவக் குழுக்களில் உட்காரும் டாக்டர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

2024 மே மாதம், ஒரு புதன்கிழமை முகாமில், “கையைத் தூக்குங்க” என்று சொன்னதும் ஒருவர் சிரித்தார். வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வழிய, மூச்சு வாங்க, இரண்டு நிமிடத்துக்கு மேல் சிரித்தார். குழுவில் இருந்த ஒரு டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு, “என்ன, விளையாட வந்தீங்களா?” என்றார். வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சிரித்தவர் என் கணவர். சிரிக்கிற மாதிரி அங்கே எதுவும் நடக்கவில்லை. அவர் பயந்துபோயிருந்தார்.

எந்த ஊர், எந்த மருத்துவமனை என்று எழுதப்போவதில்லை. அந்த டாக்டர் மதியச் சாப்பாடு இல்லாமல் நாற்பது பேரைப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார், அதையும் கவனித்தேன். அவர்மேல் புகார் என்றால் இரண்டு வரி மனுவோடு முடித்திருப்பேன். இது உங்கள் எல்லோருக்கும். என் கணவரைப் போல மோட்டார் நியூரான் நோய் வந்த ஒருவர் என்றைக்காவது உங்கள் மேசைக்கு முன்னால் வந்து நிற்பார், அல்லது வீல்சேரில் இருப்பார். அவருக்காகத்தான் எழுதுகிறேன்.

என் கணவர் 26 வருஷம் தையல்காரர். கும்பகோணத்துக்குப் பக்கத்துச் சின்ன ஊர், பஸ் நிறுத்தத்தை ஒட்டிக் கடை. ரவிக்கை, பள்ளிக்கூடச் சீருடை, தீபாவளிக்குக் கொஞ்சம் சட்டை. 2022 பொங்கல் நேரத்தில், கத்திரிக்கோல் சரியில்லை என்று சாணை பிடிக்கக் கொடுத்தார். மறுபடி கொடுத்தார். மூன்றாவது தடவை சாணைக்காரரே, “இதுக்கு மேல தீட்டினா இரும்பே இருக்காதுண்ணே” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். துணியை வெட்டிய பிறகு கத்திரியைத் திறக்கக் கட்டைவிரலுக்குத் தெம்பில்லை. அது கத்திரியின் கோளாறு இல்லை என்று எங்களுக்கு அப்போது தெரியவில்லை.

வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் சதை குழி விழுந்திருந்தது. சுண்டுவிரல் பக்கம் மட்டும் சதை அப்படியே இருந்தது. இந்த நோய் பல பேருக்குக் கையில் கட்டைவிரல் பக்கத்தைத்தான் முதலில் தின்னும், சுண்டுவிரல் பக்கத்தைக் கடைசிக்கு விட்டுவைக்கும் என்று பிற்பாடு நரம்பியல் டாக்டர் சொன்னார். அந்தக் குழியை அதற்கு முன்னால் பார்த்த யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கழுத்தெலும்பு தேய்மானம் என்றார்கள், காலர் போட்டார்கள். பி12 ஊசி போட்டார்கள். எண்ணெய்த் தடவலுக்குப் பதினெட்டு நாள் போய்வந்தோம். ஓரிடத்தில் கழுத்தில் ஆபரேஷனுக்குத் தேதியே குறித்துவிட்டார்கள். என் நாத்தனார் ஒற்றைக் காலில் நின்று தடுத்தாள். அவளுக்கு மருத்துவம் தெரியாது, ஆபரேஷன் என்றாலே பயம். சில சமயம் பயமும் உதவுகிறது.

நோயின் பெயர் தெரிய 14 மாதம் ஆனது. எங்களுக்கு மட்டும் இப்படி இல்லை. வசதியான நாடுகளிலேயே கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆகிறதாம். இதற்கென்று ஒரே ஒரு பரிசோதனை கிடையாது. ஈ.எம்.ஜி., நெர்வ் கண்டக்‌ஷன், எம்.ஆர்.ஐ., ரத்தம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, வேறு எதுவும் இல்லை என்று கழித்துக்கட்டி, கடைசியில் மிஞ்சுவதுதான் இது. மோட்டார் நியூரான் நோய். சுருக்கமாக எம்.என்.டி. அதில் அவருக்கு வந்திருப்பது ஏ.எல்.எஸ். என்ற வகை. 1869இலேயே பாரிஸில் ஷார்கோ என்ற டாக்டர் விவரித்துவிட்ட நோய். எங்கள் தெருவில் ‘மோட்டார்’ என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். பம்ப்செட் மோட்டாரில் ஷாக் அடித்துவிட்டதா என்று விசாரித்தவர்கள் உண்டு.

நரம்பியல் டாக்டர் படம் போட்டு விளக்கியபோது என் கணவர்தான் எனக்கு அதை மொழிபெயர்த்தார். “மெஷின்ல பெடல் நல்லாத்தான் இருக்கு, ஊசியும் நல்லா இருக்கு. பெல்ட் போச்சுங்கிறாங்க.” இதைவிடத் தெளிவாக இன்றுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. இங்கே பெல்ட் இரண்டு. மூளையிலிருந்து தண்டுவடம் வரை ஒன்று, அங்கிருந்து தசை வரை இன்னொன்று. இரண்டாவது அறுந்தால், ஓடாத மெஷின் துருப்பிடிப்பதுபோல் தசை வற்றிப்போகும். வற்றும்போது தோலுக்கு அடியில் புழு நெளிகிற மாதிரி துடிக்கும். முதலாவது அறுந்தால் கை கால் விறைக்கும். என் கணவருக்கு இரண்டுமே போய்க்கொண்டிருக்கின்றன. தொட்டால் தெரியும், சுட்டால் தெரியும், கண் தெரியும், காது கேட்கும், சிறுநீர் அடக்க முடியும். நினைவு கடைக் கணக்குவரை அப்படியே இருக்கிறது. எல்லோருக்கும் அப்படி இருப்பதில்லை, சிலருக்கு யோசனையும் சுபாவமும்கூட மாறும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறார்.

இப்போது அந்தச் சிரிப்புக்கு வருகிறேன். அழுகைக்கும் சிரிப்புக்குமான கடிவாளம் மேலே மூளையில் இருக்கிறதாம். முதல் பெல்ட் தளர்ந்தால் கடிவாளமும் தளர்ந்துவிடும். பிறகு சின்னப் பதற்றம் வந்தாலும் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வரும், மனதுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. சொந்தப் பெரியம்மா செத்த வீட்டில், பிணத்துக்கு முன்னால், இவர் சிரித்தார். சொந்தக்காரர்கள் இன்னும் பேசுவதில்லை. சோப்பு விளம்பரத்துக்குத் தேம்பி அழுதிருக்கிறார். நரம்பு டாக்டர் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் மாத்திரை கொடுத்தபின் பாதி அடங்கியது. வாயில் எச்சில் வழிவதும் கூடவே குறைந்தது. பெரியம்மா வீட்டாருக்கு ஆளைவிட்டு விளக்கினோம். உங்கள் குழுவுக்கு அன்று விளக்க நேரம் கிடைக்கவில்லை. நாக்கு அவருக்கு ஏற்கெனவே குழறிக்கொண்டிருந்தது. வாசலில் ஒருவர், “காலையிலேயே ஊத்திட்டு வந்துடறாங்க” என்றார். என் கணவர் வெற்றிலைகூடப் போடாதவர்.

அதே முகாமில் இன்னொன்றும் நடந்தது. பரிசோதிக்க மேசையில் மல்லாந்து படுக்கச் சொன்னீர்கள். அவரால் மல்லாந்து படுக்க முடியாது. மூச்சு இழுக்கும் தசையான உதரவிதானம் தளர்ந்தவருக்குப் படுத்தால் மூச்சு முட்டும். வீட்டில் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூங்குவார். உதட்டசைவில் ‘முடியாது’ என்றார். ஒத்துழைக்கவில்லை என்று எழுதினீர்கள். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஆனால் என் பெரிய மனக்குறை அதற்கு முந்தைய வருஷத்தோடு சேர்ந்தது. 2023 ஜூனில் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தோம். அக்டோபரில் கூப்பிட்டீர்கள். அப்போது அவர் கோல் ஊன்றி நடந்துவந்தார். வலது கையை அளந்து, 30 சதவீதக் குறைபாடு என்றீர்கள். அன்றைய நிலைக்கு அது சரியான அளவாகவே இருக்கலாம், நான் சண்டைக்கு வரவில்லை. 40க்குக் கீழே இருந்தால் அநேகமாக எந்த உதவிக்கும் தகுதி இல்லை என்று உங்களுக்கே தெரியும். “கூடினா மறுபடி வாங்க” என்றீர்கள். அடுத்த ஐந்து மாதத்தில் இடது கையும் போனது, கால் பெடலில் நிற்காமல் தொங்கியது, பேச்சு போகத் தொடங்கியது. தேதி வாங்கி நாங்கள் திரும்ப வந்தது மே மாதம். 75 சதவீதம் தந்தீர்கள். தற்காலிகச் சான்றிதழ், இரண்டு வருஷம் கழித்து மறுமதிப்பீடு என்று முத்திரை.

காலைத் துண்டித்தவருக்கு உங்கள் அளவுகோல் பொருந்தும். துண்டித்த கால் அடுத்த மாதமும் அதே அளவில்தான் இருக்கும். போலியோ வந்த காலுக்கும் பொருந்தும். இந்த நோய் நீங்கள் அளந்து முடிப்பதற்குள் அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறது. நோய்க்குறி தொடங்கியதிலிருந்து பெரும்பாலோருக்கு இரண்டிலிருந்து ஐந்து வருஷம்தான் ஆயுள். பத்து வருஷம் தாண்டுகிறவர்கள் பத்தில் ஒருவர். இதே நோயோடு வாழ்ந்த விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்கைப் பற்றி எங்களிடம் சொல்லாதவர்கள் இல்லை, உங்கள் குழுவிலும் ஒருவர் ஆறுதலாகச் சொன்னார். ஹாக்கிங்குக்கு 21 வயதில், 1963இல் தெரிந்தது. 2018இல் 76 வயதில் இறந்தார். மிக மிக அபூர்வம் அது. அமெரிக்காவின் பேஸ்பால் வீரர் லூ கெரிக்குக்கு 1939 ஜூனில், 36ஆவது பிறந்தநாளில் நோயின் பெயரைச் சொன்னார்கள். 1941 ஜூனில் இறந்துவிட்டார். எங்களைப் போன்றவர்களின் காலக்கணக்கு பெரும்பாலும் கெரிக்குடையதுதான்.

எல்லோருக்கும் ஒரே வேகம் இல்லை என்பதும் உண்மை. நம் சென்னையின் பழைய பெயரிலேயே உலக மருத்துவப் புத்தகங்களில் ஒரு வகை இருக்கிறது, மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய். 1970இல் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய டாக்டர்கள் விவரித்தது. இளவயதில் வரும், முகமும் தொண்டையும் தளரும், காது மந்தமாகும், ஆனால் மெதுவாக நகர்ந்து பல வருஷம் வாழவிடும். அது வந்தவர்களும் உங்களிடம் வருவார்கள். அவர்களுக்கு இரண்டு வருஷ மறுமதிப்பீடு பொருந்தலாம். எது எந்த வகை என்று நரம்பியல் டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். எங்கள் கோப்பில் மேலாகவே வைத்திருந்தேன். அதை யாரும் புரட்டவில்லை.

சட்டத்தையும் படித்துப் பார்த்தேன். பிளஸ் டூ படித்தவள்தான், ஆனால் ராத்திரி முழுக்க விழித்திருக்கிறவளுக்கு வாசிக்க நேரம் நிறைய. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் 21 வகைக் குறைபாடுகள் உண்டு. நாட்பட்ட நரம்பியல் நோய்கள் என்ற தலைப்பின்கீழ் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ், பார்க்கின்சன் இரண்டின் பெயரும் ‘போன்றவை’ என்ற பொருளில் வருகின்றன. எங்கள் நோயின் பெயர் இல்லை. அந்தப் ‘போன்றவை’யில் எங்களைச் சேர்ப்பதும் சேர்க்காததும் உங்கள் கையில். நீங்கள் சேர்க்கவில்லை, கை கால் குறைபாடு என்ற கட்டத்தில் போட்டீர்கள். பேச்சுக்கு வேறு கட்டம், அதற்கு வேறு டாக்டர், வேறு நாள். மூச்சுக்குக் கட்டமே கிடையாது. கடைசியில் இந்த நோய் கொல்வது மூச்சை வைத்துத்தான்.

அப்புறம் 2024 அக்டோபரில் விதிகளைத் திருத்தினார்கள். சான்றிதழ் தர ஒரு மாதம் என்று இருந்த கெடு மூன்று மாதம் ஆனது. வேலைப்பளு புரிகிறது. அந்த மூன்று மாதத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கணக்கை வைத்துப் பாருங்கள். ரிலுசோல் என்ற மாத்திரையை அமெரிக்காவில் 1995இல் அனுமதித்தார்கள். ஒரு நாளைக்கு இரண்டு வேளை. அது கூட்டித் தரும் ஆயுள் சராசரியாக இரண்டு மூன்று மாதம். 2023இல் வந்த டோஃபர்சன் என்ற ஊசி எஸ்.ஓ.டி.1 மரபணுவில் கோளாறு இருக்கும் சிலருக்கு மட்டும். என் கணவருக்கு அந்தக் கோளாறு இல்லை. ஆக, மாத்திரை சேர்த்துக் கொடுக்கும் நாட்களை வரிசை எடுத்துக்கொள்கிறது.

இந்த நோயோடு வாழ்வதென்றால் எல்லாவற்றையும் ஒரு படி முன்னால் செய்வதுதான் என்று நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். தண்ணீரிலிருந்து ஆரம்பித்தது. நம் வீடுகளில் டம்ளரை வாயில் வைக்காமல் அண்ணாந்து குடிப்போம், அதுதான் மரியாதை. தொண்டைத் தசை தளர்ந்தவருக்கு அதைவிட ஆபத்து இல்லை. தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுக்குழல் வாய் திறந்தபடி நிற்கும், தண்ணீர் நேராக அதற்குள் இறங்கும். தாடையை மார்புப் பக்கம் தாழ்த்தி, சின்ன வாயாக விழுங்க வேண்டும். ரசம், மோர், காபி எல்லாம் எதிரி. கெட்டியான கேழ்வரகுக் கூழும் குழைத்த தயிர்சாதமும் நண்பன். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் அம்மா. அவர் வருவதற்கு முன்னால் நான்கு மாதம், நானே என் கையால் என் கணவருக்கு அண்ணாந்து ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது வயிற்றுக் குழாய். பெக் என்பார்கள். “இன்னும் வாயால சாப்பிடறேனே, இப்ப எதுக்கு?” என்று சண்டை போட்டார். மூச்சுத் திறன் பாதிக்குக் கீழே போய்விட்டால் குழாய் வைப்பதே ஆபத்தாகிவிடும், அதனால் சாப்பிட முடிகிறபோதே வைக்க வேண்டும் என்று நரம்பு டாக்டர் சொன்னார். 2024 ஆகஸ்டில் வைத்தோம். ஐந்து மாதம் அது சும்மா தொங்கியது, தண்ணீரும் மாத்திரையும் மட்டும் போனது. அதன்பிறகு அதுதான் வாய்.

பிறகு பைபாப் என்ற மூச்சு மெஷின். காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கம், ராத்திரி திடுக்கிட்டு எழுவது என்று இருந்தால் அது மூச்சுக் குறைவுதான். தூக்கத்தில் கரியமில வாயு வெளியே போகாமல் ரத்தத்தில் தங்கிவிடுகிறது. இதற்குச் சிலிண்டர் ஆக்சிஜன் மட்டும் கொடுத்தால், தங்கிய வாயு இன்னும் கூடி ஆளையே மயக்கிவிடலாம். காற்றை உள்ளே தள்ளிவிடும் பைபாப்தான் தேவை. ஒரு ராத்திரி அவசரப் பிரிவில் ஆக்சிஜன் மாஸ்க்கோடு ஓடிவந்த நர்ஸம்மாவைத் தடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது என் கணவர் சட்டைப் பையில் சிவப்பு மையில் எழுதிய அட்டை இருக்கிறது: ‘எம்.என்.டி. நோயாளி. ஆக்சிஜன் மட்டும் தராதீர்கள். மல்லாந்து படுக்க வைக்காதீர்கள்.’ 2006இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் நடந்த ஆய்வில், தொண்டை அவ்வளவாகக் கெடாத நோயாளிகள் இந்த மெஷினால் சராசரி 205 நாள் கூடுதலாக வாழ்ந்தார்கள். மாத்திரையைவிட அதிகம். ஆனால் மெஷினை எங்களுக்கு யாரும் இலவசமாகத் தரவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்குக் காப்பீடு இருக்கிறது, வீட்டில் ஓடும் மெஷினுக்கு நாங்கள் கேட்ட இடத்திலெல்லாம் கையை விரித்தார்கள். எங்களுடையது பழையது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு வீட்டில் 28,000 ரூபாய்க்கு வாங்கினோம். அந்த வீட்டு ஐயா போய் இருபது நாள் ஆகியிருந்தது. அந்த அம்மா மாஸ்க்கைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, ஒரு புது மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தார். பணத்தை எண்ணிப் பார்க்கவில்லை. கரண்ட் போனால் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

மாவட்டத்துக்குப் பத்து மெஷின் வாங்கி, இரவல் கொடுத்து, முடிந்ததும் திரும்ப வாங்கி அடுத்த வீட்டுக்குக் கொடுக்கலாம். நூலகத்தில் புத்தகத்துக்குச் செய்கிறோமே. இது உங்கள் வேலை இல்லை, தெரியும். உங்கள் கையெழுத்துள்ள அறிக்கைகள் போகும் இடத்தில் யாராவது இதைச் செய்யக்கூடியவர்கள் இருப்பார்கள் என்று எழுதிவைக்கிறேன்.

முன்னால் செய்யாமல் விட்டது ஒன்று உண்டு. குரல். பேச்சு நன்றாக இருந்தபோதே போனில் பதிந்துவைத்திருக்கலாம். வாடிக்கையாளரிடம் பேசியதில் 11 விநாடி மட்டும் மகன் போனில் இருக்கிறது. “கையைக் கொஞ்சம் லூஸா வச்சிருக்கேன்மா, ஒருதடவை தண்ணியில போட்டா சரியாயிடும்.” அவ்வளவுதான்.

இப்போது அவர் கண்ணால் பேசுகிறார். இந்த நோய் கடைசிவரை விட்டுவைப்பது கண் தசைகளைத்தான். ஆங்கிலக்காரர்களுக்கு 26 எழுத்து, ஒரு அட்டையில் எழுதி விரலை நகர்த்தினால் போதும். நமக்கு 247. முதலில் மலைத்துப்போனோம். வழி கண்டுபிடித்தது எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள். வல்லினம், மெல்லினம், இடையினம், ஒவ்வொன்றிலும் ஆறு என்று ஒரு அட்டையில் எழுதினாள். மூன்றில் எது என்று கேட்டால் ஒரு தடவை இமைப்பார். அந்த ஆறில் எத்தனையாவது என்று எண்ணுவேன். பிறகு குறிலா, நெடிலா. ‘வீ’ என்றால் இடையினம், நான்காவது, நெடில், இரண்டாவது. புள்ளி வைத்த எழுத்து என்றால் கண்ணை மேலே உயர்த்துவார். பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறந்துபோன இலக்கணம் இப்படிப் பயன்படும் என்று எந்த வாத்தியாரும் சொன்னதில்லை. இந்த மடலில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். பன்னிரண்டு நிமிடம் ஆனது. ‘வீட்டுக்கு வரச் சொல்.’

எங்கள் கோப்பில் இன்னொரு காகிதம் இருக்கிறது. தொண்டையில் துளையிட்டு வென்டிலேட்டரில் வைக்க வேண்டாம் என்று அவரே முடிவெடுத்துச் சொன்ன முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணம். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சி, ஒரு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி. நோட்டரி எங்கள் கடையில் சட்டை தைக்கக் கொடுத்தவர். வீட்டுக்கே வந்தார். கண் அட்டையை வைத்துக் கேள்வி கேட்டு, பதிலைச் சரிபார்த்து, இடது கைப் பெருவிரலை நானே பிடித்து அழுத்த, ஒரே காலையில் முடிந்துவிட்டது. எப்படிச் சாக வேண்டும் என்ற காகிதம் அரை நாளில் கிடைத்தது. உங்களிடமிருந்து வர வேண்டிய காகிதத்துக்கு, முதல் விண்ணப்பத்திலிருந்து 11 மாதம்.

கேட்பது இதுதான். இந்த நோயின் பெயரை நரம்பியல் டாக்டர் எழுதி முத்திரை வைத்திருந்தால், அன்றைக்குக் கை எவ்வளவு உயர்கிறது என்பதோடு நிறுத்தாதீர்கள். ஆறு மாதம் கழித்து எங்கே நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். படித்தவர்கள் நீங்கள். தற்காலிகம் என்று முத்திரை குத்தாதீர்கள். திரும்பி வருகிற நோய் இல்லை இது. கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கு அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருகிறது. எங்களுக்கு அது டயாப்பரும் குழாய்க்கஞ்சி மாவும். அந்தப் பணத்துக்காக, பைபாப்பில் இருக்கும் ஒருவரை 40 கிலோமீட்டர் கொண்டுவரச் சொல்லாதீர்கள்.

வரும் மே மாதம் எங்களுக்கு மறுமதிப்பீடு. குணமாகியிருக்கிறாரா என்று பார்ப்பதற்கு. ஆம்புலன்ஸ், பைபாப், அதற்கு பேட்டரி, சளி உறிஞ்சும் மெஷின், இரண்டு ஆள். வழியில் ஒரு லெவல் கிராசிங். 2021 ஆகஸ்டிலிருந்து ரத்தக்கொதிப்பு மாத்திரையை நம் ஊரில் வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பிசியோதெரபிஸ்ட் அம்மா டி.வி.எஸ். வண்டியில், மழையிலும் வருகிறார். குழுவில் ஒருவர் அவர் பின்னால் உட்கார்ந்து வந்தால்கூடப் போதும். இல்லையென்றால் வீடியோவில் பாருங்கள், மகள் போனைப் பிடித்துக்கொள்வாள்.

வருவதாக இருந்தால் காலை பதினொரு மணிக்கு மேல் வாருங்கள். அதற்கு முன்னால் மாஸ்க்கைக் கழற்றி, முகம் துடைத்து, மூக்குத்தண்டில் புண்ணுக்கு மருந்து போட்டு, குழாயில் கஞ்சி விட்டு முடிக்க எனக்கு நேரமாகும். பஸ் நிறுத்தத்தில் இறங்கி, தையல் கடை எது என்று கேட்டால் காட்டுவார்கள். இப்போது நான்தான் தைக்கிறேன், ரவிக்கை மட்டும். கடைக்குப் பின்கட்டில்தான் அவர் கட்டில். படுக்கச் சொல்லாதீர்கள். கையைத் தூக்கச் சொன்னதும் அவர் சிரித்தால், இரண்டு நிமிடம் சும்மா இருங்கள், தானே நின்றுவிடும். பிறகு கேள்வியைக் கேளுங்கள். அட்டை ஜன்னலோரம் இருக்கும், வல்லினத்தில் ஆரம்பியுங்கள்.